கல்லூரி வேலையிலிருந்து கம்பெனிப் பயிற்சிக்கு: நெல்லையில் இது எப்படி நடக்கிறது?

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எட்டு வருஷமாக மெக்கானிக்கல் விரிவுரையாளர். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு இதற்கு வந்தவர். ஒரு நாளை எப்படிப் பிரித்து வேலை செய்கிறீர்கள்? எந்தப் பழக்கம் உண்மையிலேயே உதவுகிறது? இனி வரும் வருஷங்களில் இந்த வேலைக்கு மதிப்பு இருக்குமா? நெல்லையிலேயே இருந்துகொண்டு பிழைக்க முடியுமா, இல்லை சென்னைக்குத்தான் போகவேண்டுமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நெல்லையில் இருந்துகொண்டே பிழைக்கலாம். ஆனால் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அது நடக்கும். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, மேடைப் பேச்சு என்று இறங்கினால் உங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கிறது. பாளையங்கோட்டைக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பேர் வந்ததே பள்ளிக்கூடங்களாலும் கல்லூரிகளாலும்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வங்கி மேலாளர், பட்டிமன்றப் பேச்சாளர் என்று தெருவுக்கு ஒருவர் நன்றாகப் பேசுவார். அவர்களில் பலர் பணமே வாங்காமல் வந்து பேசிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுவார்கள். அவர்களோடு போட்டி போடவேண்டாம். ஒரு பேரிங் ஏன் சூடாகிறது என்று உங்களுக்குத் தெரியும். அது தெரிந்து, ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு அண்ணாச்சிக்கும் ஒரே அறையில், தமிழில், புரியும்படி சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கல்லூரியில் பாடத்திட்டம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்து வந்துவிடும். ஒரு செமஸ்டர் முழுக்க அதே முகங்கள் எதிரே இருக்கும். கடைசியில் பரீட்சை பயம் உங்கள் பக்கம் நிற்கும். கம்பெனியில் இந்த மூன்றும் கிடையாது. ஆறு மணி நேரம், இருபத்தைந்து பேர், அதில் நாலைந்து பேர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்தவர்கள். புரியவில்லை என்றாலும் வாய் திறக்கமாட்டார்கள், ஏனென்றால் சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறார். முடிந்ததும் எச்.ஆர். ஒரு கருத்துப் படிவம் கொடுப்பார். எல்லோரும் ‘மிக நன்று’ என்பதில் டிக் அடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன். அந்த டிக் எல்லாம் முதல் படி. உங்களை மறுபடி கூப்பிடலாமா வேண்டாமா என்று பிளாண்ட் மேனேஜர் முடிவு பண்ணுவது மூன்றாம் படியைப் பார்த்து. அந்தப் படி நீங்கள் பேசுகிற ஆறு மணி நேரத்தில் உருவாவதில்லை. அதற்கு முந்தின வாரத்திலும் பிந்தின மாதத்திலும் உருவாகிறது. என் பழக்கங்கள் எல்லாம் இதை ஒட்டி வந்தவைதான். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், ஒப்புக்கொள்ளும் முன் ஒரு தடவை தளத்துக்குப் போய்ப் பார்ப்பது. இதற்குப் பணம் கேட்பதில்லை, ஆனால் இல்லாமல் வகுப்பு எடுப்பதும் இல்லை. எச்.ஆர். அனுப்புகிற மின்னஞ்சலில் ‘பராமரிப்பு குறித்த விழிப்புணர்வுப் பயிற்சி’ என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் தயாரிக்க முடியாது. போய் ஃபோர்மேனிடம் கேட்டால்தான் ‘கன்வேயர் பேரிங் அடிக்கடி போகுது, பையன்கள் கிரீஸ் அடிக்கிறது சரியில்லை’ என்று விஷயம் வெளியே வரும். பிறகு அந்தப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். ‘நிறைய அடிச்சா நல்லதுதானே’ என்பான். கிரீஸ் அளவுக்கு மேல் போனால் உள்ளேயே கடைபட்டுச் சூடேறி பேரிங் சீக்கிரம் போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உங்கள் வகுப்பு அங்கேதான் இருக்கிறது. தேய்மானம் பற்றி நீங்கள் செமஸ்டர் செமஸ்டராக நடத்திய பாடத்தில் பத்தில் ஒரு பங்குதான் இதற்குத் தேவைப்படும். மீதியைச் சொல்லாமல் இருப்பதுதான் கல்லூரி ஆசிரியருக்குக் கஷ்டம்.

பார்த்துவிட்டு வந்த அன்றே ஒரு தாளில் மூன்று பத்தி போடுவேன்: என்ன செய்கிறார்கள், அதில் எங்கே கவனம் வேண்டும், ஏன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அனுபவமே இல்லாத ஆட்களை வைத்து ஆலைகளை ஓட்டவேண்டி வந்தபோது அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஐ. என்று ஒரு பயிற்சித் திட்டம் போட்டார்கள். அங்கே வந்த முறையை ஒட்டியது இது. சொல்லிக்கொடுப்பதற்கு அவர்கள் வைத்தது, தொழிலாளியைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவனைச் செய்யச் சொல், அப்புறம் போய்ப் பார் என்று நாலே கட்டம். போருக்குப் பிறகு ஜப்பானில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு இன்னும் வளர்த்தது. ‘தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை’ என்பது டி.டபிள்யூ.ஐ.காரர்கள் வைத்திருந்த வாசகம். கொஞ்சம் கடுமைதான். ஆனால் ‘இவனுக்கெல்லாம் மண்டையில் ஏறாது’ என்று ஸ்டாஃப் ரூமில் பேசிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கடுமை வேண்டியிருக்கிறது.

அடுத்தது நாள்காட்டி. கல்லூரியில் கால அட்டவணையை வேறு யாரோ போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெளியே வந்ததும் பலர் தடுமாறுவது இங்கேதான். நான் நாட்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: வகுப்பு நாள், தயாரிப்பு நாள், தாள் நாள். வகுப்பு நாளில் வேறு எந்த வேலையும் வைப்பதில்லை. ஆறு மணி நேரம் நின்று பேசிவிட்டு வந்து ராத்திரி அடுத்த பயிற்சிக்கு ஸ்லைடு போட உட்கார்ந்தால் உருப்படியாக ஒன்றும் வராது. தயாரிப்பு நாளில் காலை மதியச் சாப்பாடு வரைக்கும் போன் வேறு அறையில் கிடக்கும். தாள் நாள் வாரத்துக்கு ஒன்று: பில், மின்னஞ்சல், வருகைப் பதிவேட்டை ஸ்கேன் பண்ணுவது, புது இடங்களுக்குப் பேசுவது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வருமில்லையா, அந்த நாளைத் தளத்துக்குப் போய்ப் பார்ப்பதற்கு வைத்துவிடுவேன். வீட்டில் விசிறியும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இருபத்தைந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு என்று கடிகாரம் வைத்துச் செய்யும் பொமோடோரோ முறையைப் பற்றியும் கேட்பீர்கள். பில் போடுவதற்கு அது சரி. ஒரு பயிற்சியை யோசித்து வடிவமைப்பதற்கு, எனக்கு, மணி அடித்ததும் எழுந்திருப்பது எரிச்சல்தான்.

நாளைவிட வருஷத்தைப் பிரிப்பது முக்கியம். இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு பயிற்சிப் பருவம் இருக்கிறது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைக்காரர்கள் ஒரு டெக்னீஷியனையும் வகுப்புக்கு விடமாட்டார்கள். ஒரு நாள் ஒரு மிஷின் நின்றால் அவர்களுக்கு நஷ்டம். அக்டோபர் வந்தால் தாராளமாக விடுவார்கள். ஆனால் அக்டோபரில் மற்ற ஆலைகள் தீபாவளி உற்பத்தியிலும் போனஸ் பேச்சிலும் இருக்கும். நவம்பர், டிசம்பரில் மழை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு நான் அந்த மாத நடுவில் வெளியூர்ப் பயிற்சி எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஜனவரி பொங்கலோடு போகும். பிறகு பிப்ரவரி, மார்ச்சில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், ஏனென்றால் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்கவேண்டும். அந்த இரண்டு மாதத்தில் தொண்டை போய்விடும். காலர் மைக் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகளில் கொடுக்கும் மைக்கை நம்பாதீர்கள். ஏப்ரலில் அடுத்த வருஷத் திட்டம் போடுவார்கள், உங்கள் கடிதம் அப்போது அவர்கள் மேசையில் இருக்கவேண்டும். குற்றால சீசன் நேரத்தில் நிறைய ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வுக்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வகுப்பு நடத்துவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எட்டு வருஷமாக நீங்கள் செய்வதுதான். ஷிப்ட் முடிந்தவர்களுக்கு வைக்காமல், ஷிப்ட் தொடங்கும் முன் இரண்டு மணி நேரமாகப் பிரித்து நாலு நாள் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் சம்மதிப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கையால் செய்யும் வேலை மட்டும். டீ நேரத்தைத் தாண்டி ஒரு நிமிஷம் பேசினாலும் யாரும் கேட்பதில்லை. அப்புறம் மொழி. மேடைத் தமிழும் வேண்டாம், புத்தகக் கலைச்சொல்லும் வேண்டாம். அவர்கள் ஸ்பேனர் என்றால் ஸ்பேனர், கிளச்சு என்றால் கிளச்சு.

வகுப்புக்குப் பின்னால் செய்வதுதான் நிறையப் பேர் விட்டுவிடுகிற பகுதி. திரும்பி வரும் பஸ்ஸிலேயே, கங்கைகொண்டானிலிருந்து ஜங்ஷன் வருவதற்குள், மூன்று விஷயம் எழுதிவிடுவேன்: எந்த இடத்தில் கண் சொருகினார்கள், யாரும் எதிர்பாராத என்ன கேள்வி கேட்டார்கள், அடுத்த தடவை எதை எடுத்துவிடவேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்தால் குளித்துச் சாப்பிட்டதும் மறந்துபோகும். அந்தக் குறிப்புகள்தான் என் உண்மையான பாடப்புத்தகம். ஒரே தலைப்பில் மூன்றாவது தடவை போகும்போது தயாரிப்பு வேலை பாதியாகக் குறைவது இதனால்தான்.

இன்னொன்று, நினைவூட்டல். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே தன்னையே வைத்துச் சோதித்து எழுதினார்: படித்தது முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும்தான் வேகமாக மறக்கிறது, பிறகு மெதுவாக. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நமக்கு இதில் பாடம் இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் இரண்டு இரண்டு கேள்வி அனுப்புவேன். கேள்வி என்றால் விளக்கக் கேள்வி கிடையாது. ஒரு போட்டோ. ‘இதில் என்ன தப்பு?’ அவ்வளவுதான். பதிலைக் குரலாகப் பேசி அனுப்பச் சொல்வேன், தட்டச்சுப் பண்ணச் சொன்னால் பாதிப் பேர் ஒதுங்கிக்கொள்வார்கள். சூப்பர்வைசரை அந்தக் குழுவில் சேர்ப்பதில்லை. ஒரு மாதம் கழித்து ஃபோர்மேனிடம் பத்து நிமிஷம் போனில் பேசி, என்ன மாறியிருக்கிறது என்று கேட்டு, ஒரு பக்க அறிக்கையாக எழுதி மேனேஜருக்கு அனுப்புவேன். யாரும் கேட்காத அறிக்கை அது. எனக்கு வந்த மறு அழைப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பக்கத்தால் வந்தவை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்லைடு போடுவது, கேள்வித்தாள் எடுப்பது, ஆங்கிலக் கையேட்டைச் சுருக்குவது எல்லாம் மலிந்துவிட்டது. முன்பு இதற்கே காசு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. நானும் முதல் வரைவுக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தரும் தமிழை அப்படியே தொழிலாளிக்குக் கொடுத்தால் அரசாணை வாசிப்பதுபோல இருக்கும், எண்களையும் அளவுகளையும் கையேட்டோடு ஒப்பிடாமல் விடவும் முடியாது. தலைப்பைச் சொன்னால் உலகத்தில் எல்லோருக்கும் பொதுவான பயிற்சியை அது நொடியில் எழுதிவிடும். பொதுவான பயிற்சியை மட்டும் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு இனி கஷ்டம்தான். அந்த கன்வேயரில், அந்த பேரிங்கில், அந்தப் பையன் எத்தனை தடவை கிரீஸ் கன்னை அமுக்குகிறான் என்று பார்த்துவிட்டு வந்தவருக்கு வேலை இருக்கும்.

சரி, இந்த வட்டாரத்தில் எங்கெல்லாம் வாய்ப்பு? கங்கைகொண்டான் சிப்காட்டில் ஏற்கெனவே டயர் ஆலை இருக்கிறது. டாடா பவரின் 4.3 கிகாவாட் சோலார் செல், மாட்யூல் ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். சோலார் செல் செய்வதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம், சிலேன் வாயு போன்றவை புழங்கும். இதுபோன்ற இடங்களில் பாதுகாப்புப் பயிற்சி சம்பிரதாயத்துக்கு நடத்துகிற விஷயமாக இருக்க முடியாது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. ஒரு பெரிய ஆலை வந்தால் அதற்கு உதிரிபாகம், பேக்கிங், போக்குவரத்து, கேன்டீன் என்று சின்ன நிறுவனங்கள் சுற்றி வரும். உங்கள் வாடிக்கையாளர்கள் அந்தச் சின்னவர்கள்தான். பெரியவர்களுக்குச் சொந்தமாகப் பயிற்சித் துறையே இருக்கும், நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நாலு கட்டுமானத்தில் இருக்கின்றன. அத்தனை கட்டுமானத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் கீழே எத்தனை பேர் உயரத்தில் நின்று வேலை பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். காற்றாலையில் ஜி.டபிள்யூ.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புச் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும். உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, பளு தூக்குதல் என்று திரும்பவும் பயிற்சி எடுத்தாகவேண்டும். அங்கீகாரம் பெற்ற மையம்தான் அதைத் தர முடியும், ஆனால் அப்படிப்பட்ட மையங்களுக்கும் பயிற்றுநர் வேண்டுமே. மெக்கானிக்கல் படித்து, உயரம் ஏறப் பயமில்லாதவராக இருந்தால் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். நான் ஏறமாட்டேன்.

சட்டம் கட்டாயப்படுத்துகிற பயிற்சிகளைக் கவனியுங்கள், பொருளாதாரம் படுத்தாலும் அவை நிற்காது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில் பழகுநர்களை எடுக்கவேண்டும் என்கிறது 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழுள்ள விதி. எடுத்துவிட்டு அவர்களை எப்படிப் பழக்குவது என்று தெரியாமல் முழிக்கிற சின்ன ஆலைகள் ஏராளம். ஆறு மாதப் பழகுநர் திட்டத்தை எழுதிக் கொடுத்து மாதம் இரண்டு நாள் வந்து பார்ப்பதே உங்களுக்கு நல்ல தொடக்கமாகலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்புகார்க் குழு வேண்டும், ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வு நடத்தவேண்டும் என்கிறது. உணவுத் தொழிலில் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அல்வாவுக்கும் ஹோட்டலுக்கும் பேர் போன ஊரில் இதில் எவ்வளவு வேலை இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. என் வருமானத்தில் நல்ல பங்கு அடுப்படிகளிலிருந்துதான் வருகிறது. நெய் காயும் அண்டா பக்கத்தில் நின்று கை கழுவுவதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

கல்வி நிறுவனங்கள் பக்கமும் கதவு அடைபடவில்லை. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் திறன் பாடங்கள் நடக்கின்றன. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தமிழக அரசு மேம்படுத்தியிருக்கிறது, ரோபோ, சி.என்.சி. என்று மிஷின்கள் வந்துவிட்டன. மிஷினை இறக்கிவிடலாம், அதை ஓட்டிக் காட்டுகிற ஆசிரியரை அப்படி இறக்க முடியாது. ஆனால் ஒப்பந்தப் பயிற்றுநராகப் போனால் சம்பளம் சில இடங்களில் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நடுவில் நிற்கிற ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சான்றிதழ் விஷயம். நிரந்தர ஐ.டி.ஐ. பயிற்றுநர் வேலை நோக்கம் என்றால் சி.ஐ.டி.எஸ். என்ற ஒரு வருஷப் பயிற்றுநர் படிப்பு வேண்டும், சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் நடக்கிறது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் நடத்த அந்தந்தத் துறைத் திறன் கவுன்சிலின் பயிற்றுநர் சான்று கேட்பார்கள். நேரடியாக ஆலைகளோடு வேலை என்றால் இவை எதுவும் கட்டாயமில்லை. பாதுகாப்பில் ஒரு டிப்ளமா இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். இரண்டு நாளில் ‘சர்வதேச மாஸ்டர் டிரெயினர்’ ஆக்குகிறோம் என்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்கும் விளம்பரங்கள் நிறைய வரும். அந்தக் காசுக்கு ஒரு புரொஜெக்டரும் மைக்கும் வாங்கிவிடலாம்.

பணம். மாதம் 50,000 வேண்டும், உறுதியாக 8 வகுப்பு நாள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 6,250 என்று கணக்கு வரும். அது தப்பான கணக்கு. தளப் பார்வை, தயாரிப்பு, அச்சுச் செலவு, பஸ், காலியாகப் போகும் மாதங்கள், பி.எஃப். இல்லாதது, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஏற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்டால்தான் கட்டும். கேட்கத் தயங்காதீர்கள். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000-க்கு மேல் கொடுத்தால் 10 விழுக்காடு வரி பிடித்துத்தான் தருவார்கள், ரிட்டர்ன் போட்டு அதைக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

கட்டாயம் செய்யவேண்டிய ஒன்று: சிறு தொழில்களுக்காக மத்திய அரசு நடத்தும் உத்யம் இணையதளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை, புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். பதிவு இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் போட்ட இடத்தில் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் உங்களுக்குப் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் வருஷச் சட்டம். 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்திருக்கிறது: அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தைக் கொடுக்கும் வருஷம்வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு நிறுவனம் எனக்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு, கணக்குப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பிய வாரமே வந்துவிட்டது. தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்ட வருகைத் தாளை அசலாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பில்லோடு நகலை மட்டும் கொடுங்கள்.

சென்னை பற்றி. மாதச் சம்பளத்தில் ‘கற்றல், மேம்பாடு’ துறை அதிகாரி வேலை வேண்டும் என்றால் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர்தான். இங்கே அந்தப் பதவிகள் குறைவு. தனியாக நடத்துவதென்றால் ஊரில் வீடு இருப்பதே பெரிய மூலதனம். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பூரில் இருக்கலாம், தேவைப்பட்டால் போய்வரலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு கிராமத்தில் உட்கார்ந்தும் பெரிய வேலை பார்க்கலாம் என்று எச்.ஆர். ஆட்களுக்கே நம்பிக்கை வந்திருக்கிறது. ‘லோக்கல் ஆளா?’ என்று முகம் சுளிப்பது முன்னைவிடக் குறைவு, முழுக்கப் போகவில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் வருபவருக்கு ஒரு தொகையும் பஸ்ஸில் வரும் நமக்கு ஒரு தொகையும் இன்னமும் உண்டு.

உடனே ராஜினாமா பண்ணாதீர்கள். சனிக்கிழமைகளும் மே விடுமுறையும் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் பழைய மாணவர்கள் இந்நேரம் பத்து ஆலைகளில் சூப்பர்வைசராக இருப்பார்கள், அவர்களில் ஒருவரைப் பிடித்துத் தளத்தைப் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். ஒரு வருஷம் இப்படி நடத்திப் பார்த்து, மறு அழைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். புது அழைப்பு யாருக்கும் வரும், மறு அழைப்பை வைத்து முடிவெடுங்கள். அதற்கு முன் உங்கள் பணி நியமன ஆணையில் வெளிவேலை பற்றி என்ன நிபந்தனை இருக்கிறது என்று எடுத்துப் படித்துவிட்டு, முதல்வரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகத் தலையாட்டுவதை நம்பிப் போகவேண்டாம். முதல்வர் மாறினால் அதுவும் மாறும்.